தராசில் போட்ட துண்டு

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஆதித்தன் ஏலம் கூறினால், பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருப்பவனுக்கும் கத்தரிக்காய் விலை தெரிந்துவிடும். அப்படி ஒரு தொண்டை. மைக் பிடித்துப் பேசுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு இளக்காரம். "தொண்டை இல்லாதவனுக்குத்தாம்லே மைக்கு" என்பார். நாற்பத்தைந்து வயசில் தலை பாதி வழுக்கை, இடுப்பில் கொஞ்சம் தொப்பை. குரலுக்கு மட்டும் வயசே ஏறவில்லை. தென்காசி, செங்கோட்டை, சுரண்டை என்று சுற்றுவட்டாரத்துக் கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் 'ஆதித்தன் அண்ணாச்சி' என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பெருமையில்தான் மனுஷன் தடுக்கி விழுந்தார்.

அவர் ஏலம் கூறும் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. 'மூணு தரம்' என்று சொல்லி முடித்த சரக்கு முடிந்ததுதான். ஏலக்காரர் சொன்ன சொல்லை மாற்றக் கூடாது. மாற்றியே தீர வேண்டும், தவறு தன் வாயில்தான் என்றால், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து எல்லார் முன்னாலும் தராசுத் தட்டில் போட வேண்டும். அதன்பிறகு அவர் ஏலம் கூற முடியாது. வியாபாரிகளும் லோடுமேன்களும் மனசு வைத்து அந்தத் துண்டை எடுத்துத் திரும்பத் தோளில் போடும்வரை கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டியதுதான். எடை போடுவதெல்லாம் இப்போது மெஷினுக்கு வந்துவிட்டது. ஆனாலும் பழைய இரும்புத் தராசை மட்டும் ஷெட் மூலையில் கழற்றாமல் தொங்கவிட்டிருந்தார்கள். இருபது வருஷத்தில் ஆதித்தனுக்கு அந்தப் பக்கம் போக அவசியம் வந்ததில்லை. வந்ததில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

உண்மையில் எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருந்தது. பள்ளிக்கூடங்களில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஊசி போடப்போவதாக அறிவித்திருந்த நேரம் அது. டீக்கடையில் யாரோ, எங்கேயோ ஊசி போட்ட பிள்ளை மயங்கி விழுந்ததாம் என்றார். எந்த ஊர், எந்தப் பிள்ளை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆதித்தனும் கேட்கவில்லை. புதுசாக வாங்கிய போனை எடுத்து, ஏலக் குரலில் பேசி, வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். "ஏ மக்கா, மார்க்கெட்டு ஆதித்தன் பேசுதேன். நம்ம பிள்ளைய என்ன சோதனை எலியாலே? ஊசி போட வந்தா பிள்ளைய வீட்டுல நிப்பாட்டு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். சொல்லிட்டேன்!"

சாயங்காலத்துக்குள் அது பம்பாய் வரை போய்த் திரும்பி வந்தது. 'சூப்பர் அண்ணாச்சி', 'கலக்கிட்டிய அண்ணாச்சி' என்று குவிந்ததைப் பார்த்து ஒரு வாரம் அவர் கால் தரையில் பாவவில்லை. அந்த வாரம் அவர் மகள் வேல்விழியும் பள்ளிக்கூடம் போகவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது போட வேண்டிய ஊசியைச் சளி, காய்ச்சல் என்று தள்ளிப்போட்டு, அதுவும் விட்டுப்போயிருந்தது. அடுத்த வாரம் தக்காளி விலை எகிறியது. ஆதித்தன் ஆடியோவை அடியோடு மறந்துபோனார்.

இந்த வருஷம் சித்திரையில், வேல்விழிக்குப் பதின்மூன்று வயசு நடக்கும்போது, அவர் மனைவி தங்கபுஷ்பத்துக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. இனிமேல் இல்லை என்று டாக்டர்களே கைவிரித்தபின் பிறந்த பிள்ளை. தங்கபுஷ்பத்துக்குப் பிறந்த ஊர் இலஞ்சி. அந்த ஊர் முருகன் பெயரையே வைத்து இலஞ்சிக்குமரன் என்றார்கள், கூப்பிடக் குமரு. மார்க்கெட்டையே அதட்டுகிற மனுஷன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலையும் கழற்றி வைத்துவிடுவார். பிள்ளை தூங்குகிறானாம்.

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்த சமயம். குற்றாலத்தில் சீசன் ஓய்ந்து, ஐந்தருவிப் பக்கம் கடை போட்டிருந்தவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஆதித்தன் தெருவில் இருக்கும் லோடுமேன் மணிமுத்துவின் மனைவியும் அப்படித்தான் திரும்பி வந்தாள். சீசனில் துண்டும் சோப்பும் விற்கிறவள். கூட வந்த மகள் சந்தனமாரிக்கு இருமலும் சளியும். திங்கட்கிழமை காலை முகத்தில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு வந்தது. மணிமுத்து வாசலில் வேப்பிலையைச் சொருகிவிட்டு, வீட்டில் தாளிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்துவிட்டான்.

ஆனால் வேப்பிலையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறவள் இல்லை நர்ஸ் கிறிஸ்டி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்றே மாசம். செவ்வாய்க்கிழமை காலையில் மணிமுத்து வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நேராக ஆதித்தன் வீட்டுக்கு வந்தாள். ஏலத்தை முடித்துவிட்டு அவர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, சந்தனமாரிக்கு வந்திருக்கது தட்டம்மை. உங்க மக ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவகூட ஒரே பாயில உக்காந்து மருதாணி வச்சிருக்கா."

"அப்ப அவளுக்கு இருமல்தான் சிஸ்டர் இருந்துச்சு" என்றாள் வேல்விழி, கதவு மறைவிலிருந்து.

"தடிப்பு தெரியதுக்கு நாலு நாளைக்கு முன்னாலயே பரவ ஆரம்பிச்சிரும்மா. அந்தப் பிள்ள எந்திரிச்சுப் போயி ரெண்டு மணி நேரம் கழிச்சு அந்த ரூமுக்குள்ள போனாக்கூட ஒட்டிக்கிடும். ஊசி அட்டை இருந்தா எடுத்துத் தா."

அட்டையில் தட்டம்மைக் கட்டம் காலியாக இருந்தது. கிறிஸ்டி அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"நாளைக்குப் புதன்கிழமை. மத்தியானத்துக்குள்ள இவளுக்குப் போட்டிரணும். நோய்க்காரங்கள ஒட்டி இருந்து மூணு நாளுக்குள்ள போட்டா, நோய முந்திக்கிட வாய்ப்பு இருக்கு."

"அது கெடக்கட்டும் நர்சம்மா. குமருக்கு மொதல்ல போடுங்க" என்றார் ஆதித்தன்.

"போட முடியாது அண்ணாச்சி. ஒம்பது மாசம் முடியணும். நோய் சுத்துத எடம்னா ஆறு மாசத்திலயே போடச் சொல்லுவாங்க. இவனுக்கு அஞ்சே முடியலயே."

"வந்துட்டா?"

கிறிஸ்டி மழுப்பவில்லை. "இந்த வயசுல வந்தா நெஞ்சுல சளி கட்டும். மூளைக்கும் போகும். நான் பாத்திருக்கேன்."

ஆதித்தன் தட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப இவன என்னதான் செய்யச் சொல்லுதிய?"

"சுத்தி இருக்க பிள்ளைகளுக்குப் போடணும். ஒரு பிள்ளைகிட்டேருந்து இன்னொரு பிள்ளைக்குத் தாவித் தாவித்தான அது இவன்கிட்ட வரணும்? தாவ எடம் இல்லைன்னா அங்கனயே நின்னு போவும். இவனுக்கு இப்ப வேற காவல் கெடையாது." அவள் பையை மூடினாள். "பக்கத்துத் தெருவுல ஒரு பிள்ளைக்கு வந்ததுமே போன புதன்கிழமை கேம்பு போட்டேன். நூத்தி நாப்பது பிள்ளைக்கு வந்தது பதினொண்ணு. மருந்தக் கலக்கிட்டா நாலு மணி நேரந்தான். மிச்சத்த அழிச்சிட்டுப் போனேன். எவனோ ஆடியோ போட்டிருக்கானாம், பிள்ளைய அனுப்பாதியன்னு."

"எவம்லே அவன்?" என்று ஆதித்தன் பல்லைக் கடித்தார். "செருப்பக் கழத்தி அடிக்கணும் அவன."

கிறிஸ்டியும் தலையாட்டிவிட்டுப் போனாள். பாவம், அவளுக்கும் தெரியாது. ஒருத்தன் குரலை அவனுக்கே யார் அனுப்பி வைப்பார்கள்? கேம்ப் அறிவிப்பு வந்ததும் யாரோ அந்த ஆடியோவைப் பழைய போனிலிருந்து தோண்டி எடுத்து விட்டிருந்தார்கள். ஆடியோவில் தேதி கிடையாது. ஒரு வாரமாக மார்க்கெட்டில் பலபேர் "அண்ணாச்சி, சரியாச் சொன்னிய" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். கத்தரிக்காய் விலையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து அவரும் "பின்ன!" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்று மத்தியானமே ஒரு காரைப் பிடித்துக் குடும்பத்தோடு இலஞ்சிக்குக் கிளம்பிவிட்டார். தாயையும் பிள்ளையையும் அங்கே விட்டுவிட்டு, வேல்விழியை மட்டும் திருப்பிக் கூட்டிவந்து ஊசி போடுவதாகத் திட்டம். தென்னந்தோப்புக்கு நடுவில் மச்சினன் சுந்தரபாண்டியின் வீடு. நல்ல காற்று, நல்ல தண்ணீர், மார்க்கெட் கூட்டம் இல்லை. காரிலிருந்து இறங்கியதுமே ஆதித்தனுக்கு மூச்சு சீராக வந்தது.

சுந்தரபாண்டியின் மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து குமருவைச் சூழ்ந்துகொண்டார்கள். கடைக்குட்டி அவன் கன்னத்தில் மூக்கை வைத்துத் தேய்த்தது.

"மாப்ள, இதுகளுக்கு ஊசி எல்லாம் போட்டாச்சுல்லா?" என்று ஆதித்தன் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

சுந்தரபாண்டி சிரித்தான். "நல்லாருக்கே அத்தான். பள்ளிக்கூடத்துல கேம்புன்னு சீட்டுக் குடுத்து விட்டாவ. கிழிச்சுப் போட்டுட்டேன். நீங்க சொன்ன பொறவு நாங்க அனுப்புவமா?"

"நான் என்னலே சொன்னேன்?"

"என்ன அத்தான் வெளையாடுதிய?" அவன் போனை எடுத்துத் தட்டினான்.

ஏ மக்கா, மார்க்கெட்டு ஆதித்தன் பேசுதேன்.

கணீரென்று இருந்தது. எட்டு வருஷத்தில் ஓர் எழுத்துத் தேயவில்லை. பிள்ளைகள் மூன்றும் மனப்பாடம் செய்த பாட்டைப்போல "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று கூடவே கத்தின. கடைக்குட்டி கை தட்டியது. "தோப்புல வேல பாக்கவிய எல்லாருக்கும் நாந்தான் அனுப்பினேன். அத்தான் குரலுக்கு மேல வேற என்ன சாட்சி வேணும்?" என்றான் சுந்தரபாண்டி, பெருமை தாங்காமல்.

ஆதித்தனுக்குக் காது இரண்டும் கொதித்தன. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குரல் அவருக்கு அருவருப்பாக இருந்தது. செருப்பைக் கழற்றி அடிக்க வேண்டும் என்று காலையில் அவர்தான் சொன்னார்.

அவர் எழுந்து தோப்புக்குள் போனார். தங்கபுஷ்பம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"இங்கனயும் வேண்டாம்" என்றார் ஆதித்தன், அவள் முகத்தைப் பார்க்காமல். "மதுரைக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிரு."

"அங்கனயும் போயிருக்கும்." அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "உங்க குரலு போகாத ஊரு எதுன்னு சொல்லுங்க. அங்கன தூக்கிட்டுப் போறேன்."

குமரு அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினான். ஆதித்தன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போனை எடுத்துக் கிறிஸ்டியைக் கூப்பிட்டார்.

"நர்சம்மா, நாளைக்குக் காலையில மருந்துப் பெட்டியோட நேரா ஏல ஷெட்டுக்கு வாங்க. எடம் நான் தாரேன்."

"டாக்டர்கிட்ட அனுமதி கேக்கணுமே. யாரு பேசுதது?"

"அந்த ஆடியோக்காரன் பேசுதேன்" என்றார் ஆதித்தன்.

புதன்கிழமை காலை. மழைத் தூறலில் டெம்போக்கள் வரிசை கட்டி நின்றன. வெண்டைக்காய், முருங்கைக்காய், பல்லாரி வெங்காய மூட்டைகள் மலையாகக் கிடந்தன. ஷெட்டின் ஒரு ஓரத்தில் மேஜை போட்டு, நீலநிற மருந்துப் பெட்டியோடு கிறிஸ்டியும் ஒரு டாக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். வியாபாரிகள் அதைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். ஆதித்தன் ஏலக் கல்லின்மேல் ஏறினார். சத்தம் அடங்கியது. முதல் சரக்கு என்ன என்று எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள்.

அவர் கல்லிலிருந்து இறங்கினார். நேராக மூலைக்குப் போனார். தோளிலிருந்த துண்டை எடுத்து இரும்புத் தராசின் தட்டில் போட்டார். துருப்பிடித்த சங்கிலி கிறீச்சிட்டது ஷெட் முழுக்கக் கேட்டது.

"அண்ணாச்சி!" என்று யாரோ அலறினார்கள். "எந்தச் சரக்குல தப்பு?"

"எல்லாரும் போன எடுங்கலே" என்றார் ஆதித்தன். "ரெக்கார்டு பண்ணு. நல்லா மூஞ்சி தெரிய எடு." நூறு போன்கள் உயர்ந்தன. அவர் அன்றைய தேதி, மாசம், வருஷம் மூன்றையும் முதலில் சொன்னார். பிறகு சொன்னார்: "இப்ப சுத்துத ஆடியோ எட்டு வருஷத்துக்கு முந்தி நான் பேசினது. அது தப்பு. அந்தத் தரத்த நான் முறிக்கேன்."

லோடுமேன்களுக்குத் தலைவர் மாடக்கண்ணு, தலைப்பாகையை அவிழ்த்து உதறிக்கொண்டே முன்னால் வந்தார். மூட்டையை எடை போடுவதுபோல ஆளையும் எடை போடுகிறவர்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்லுதது பொய்யா? எங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்க வேண்டிய கேள்விதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் டீக்கடையில் அதை ஒருத்தர் கேட்டிருந்தால் போதும்.

"மாடக்கண்ணு, அன்னைக்கு நான் ஒரு டாக்டரக் கேக்கல. மயங்கி விழுந்த பிள்ள எந்த ஊருன்னு கேக்கல. டீக்கடையில எவனோ சொன்னான், நான் குரல விட்டேன். ஏன் விட்டேன்? நாலு பேரு சூப்பர் அண்ணாச்சின்னு சொல்லணும். அம்புட்டுத்தான். அழுகின கத்தரிக்காய அமுக்கிப் பாக்காம நான் ஏலம் விட்டிருக்கனா? பிள்ளையளோட உசுர அமுக்கிப் பாக்காம விட்டுட்டேன்." அவர் மருந்துப் பெட்டி இருந்த மேஜையைக் காட்டினார். "இன்னைக்கு எம் பிள்ளைக்கு அஞ்சு மாசம் ஆகல. அவனுக்கு ஊசி போட முடியாது. உங்க பிள்ளையளுக்குப் போட்டாத்தான் எம் பிள்ள பொழைப்பான். உங்க வீட்டுலயும் கைப்பிள்ள இருக்கும், எண்ணிப் பாருங்க. நான் பொய் சொல்லுதேனா இல்லையான்னு பாக்கணுமா? ஏட்டி வேல்விழி, வா இங்கன."

வேல்விழி வந்தாள். பள்ளிக்கூட உடுப்பில், ரெட்டைச் சடையோடு, இத்தனை ஆம்பிளைகள் பார்க்கிற கூச்சத்தில் சிவந்துபோய் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எட்டு வருஷத்துக்கு முந்தியே போட்டிருந்தா சின்னப் பிள்ளையா அழுதிருப்பேன். இப்பக் கூட்டத்துல அழ வெக்கமா இருக்குப்பா" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே கிறிஸ்டி ஊசியைப் போட்டு முடித்துவிட்டாள். மாடக்கண்ணு அந்தப் பிள்ளையின் கையில் இருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலைப்பாகையை இறுக்கிக் கட்டினார். "ஏலே அருண்பாண்டி, டெம்போவ எடு. நம்ம லைன் வீட்டுப் பிள்ளைய அத்தனையும் ஏத்திக் கொண்டா. வேப்பிலை கட்டின வீட்டுக்காரன் ஒருத்தன விடாம எங்கிட்ட வரச் சொல்லு!"

அவ்வளவுதான், அணை உடைந்தது. வெண்டைக்காய் இறக்கிய டெம்போவில் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். கடைக்காரர்கள் வீட்டுக்குப் போன் போட்டார்கள். நைட்டியோடு ஓடிவந்த தாய்மார், பாதி இட்லியை வாயில் வைத்துக்கொண்டு வந்த பொடிசுகள், ஊசி என்றதும் பல்லாரி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பயல்கள் என்று ஷெட்டே திருவிழாவாகிவிட்டது. துண்டைத் தராசில் போட்டுவிட்டதால் ஆதித்தனுக்குக் கத்த உரிமை இல்லை. வரிசையில் நின்று பிள்ளைகளின் கண்ணைத் துடைத்துவிட்டார். பத்தரை மணிக்கே மருந்து தீர்ந்து, தென்காசியிலிருந்து இன்னொரு பெட்டி ஜீப்பில் வந்தது. போன வாரம் மருந்தை அழித்துவிட்டுப் போன கிறிஸ்டி, நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லாமல் ஊசி போட்டாள். மத்தியானம் எண்ணிப் பார்த்தால் இருநூற்றுப் பதினேழு பிள்ளைகள். "அண்ணாச்சி, குரல் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள், மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு.

அன்று சாயங்காலத்துக்குள் புது வீடியோ பழைய ஆடியோவைத் துரத்திக்கொண்டு ஓடியது. இலஞ்சியில் சுந்தரபாண்டி மூன்று பிள்ளைகளையும் பைக்கில் அடுக்கிக்கொண்டு போய் ஊசி போட்டுவிட்டு, தோப்பில் வேலை பார்ப்பவர்களையும் கையோடு இழுத்துப் போனான். குற்றாலத்துக் கடைக்காரர்கள் குரூப்பில் 'நம்ம அண்ணாச்சியே சொல்லிட்டாவ' என்று வந்தது. ஆதித்தன் தினமும் கிறிஸ்டியோடு விட்டுப்போன வீடுகளுக்கு நடந்தார். மார்க்கெட்டில் அவருக்குப் பதிலாக டெம்போக்காரன் அருண்பாண்டி ஏலம் கூறினான். அவன் குரல் கீச்சுக் குரல். முருங்கைக்காயை அவன் கூவும்போது எலி பொறியில் மாட்டியது மாதிரி இருக்கிறது என்று வியாபாரிகள் கேலி பேசினார்கள். தராசில் கிடந்த துண்டை மட்டும் யாரும் தொடவில்லை. சொல் நிற்கிறதா என்று பார்க்கக் காத்திருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் வேல்விழிக்கு உடம்பு சுட்டது.

இலஞ்சியிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து தங்கபுஷ்பம் குமருவோடு மாடியில்தான் இருந்தாள். மூன்று வாரத்துக்கு அக்காளைத் தம்பியிடம் விடக் கூடாது என்று கிறிஸ்டி சொல்லியிருந்தாள். மாடிப்படியில் நின்றுகொண்டு தங்கபுஷ்பம் கேட்டாள். "வேப்பிலை ஒடிச்சுட்டு வரட்டுமா?"

"வேண்டாம். நர்சம்மாவக் கூப்புடு" என்றார் ஆதித்தன். ஊசி போட்ட எட்டாம் நாள், பத்தாம் நாள் வாக்கில் லேசாகக் காய்ச்சல் வரலாம், இரண்டு நாளில் போய்விடும் என்று கிறிஸ்டி முன்னாலேயே சொல்லித்தான் இருந்தாள். ஆனால் நோயேதான் முந்திக்கொண்டதோ என்று யாருக்குத் தெரியும்? தெருவுக்குச் செய்தி போய்விட்டது. மாடக்கண்ணுவும் மணிமுத்துவும் இன்னும் பத்துப் பேரும் எதிர்வீட்டு நிழலில் வந்து நின்றார்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகளும் அதே மேஜையில் ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

கிறிஸ்டி வந்து வேல்விழியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். "கண்ணு சிவக்கல, இருமல் இல்ல, சளி இல்ல. வாய்க்குள்ள வெள்ளப் புள்ளி இல்ல. எதுக்கும் தொண்டையில பஞ்சு தடவி எடுத்து அனுப்புதேன். ஆனா எனக்கு என்னமோ ஊசிக் காய்ச்சலாத்தான் தெரியுது. உடம்பு உள்ள சண்டை பழகுது, அவ்வளவுதான்."

ஆதித்தன் வெளியே வந்தார். அடுத்த வார்த்தையை எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பழைய ஆதித்தன் என்றால் 'ஒண்ணுமில்லலே' என்று முழங்கியிருப்பார். "எனக்குத் தெரியல" என்றார் அவர். "ஊசிக் காய்ச்சல்னு நெனைக்காவ. ரெண்டு நாள் பாப்போம். எதுன்னாலும் நானே வந்து சொல்லுதேன்."

அந்த இரண்டு நாளும் அவர் மகள் பக்கத்தை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஏதோ சத்தம் கேட்டுக் கண் விழித்தார். வேல்விழி அடுக்களையில் உட்கார்ந்து பழைய சோற்றையும் வற்றலையும் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், குளிர்ந்து கிடந்தது. உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. நாலாம் நாள் அந்தப் பரிசோதனையும் நோய் இல்லை என்று வந்தது. ஆதித்தன் குலுங்கிக் குலுங்கி அழுதார். வெட்கமே படவில்லை.

ஊசிக்கு முன்பே தொற்றியிருந்த இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் அந்தத் தெருவில் அம்மை வந்தது. ஆஸ்பத்திரியில் வைட்டமின் மருந்து கொடுத்துக் கவனித்தார்கள், இரண்டும் தேறின. சந்தனமாரியும் எழுந்து பள்ளிக்கூடம் போனாள். அதற்குப்பின் ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. புதுசாக ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. ஆறு வாரம் கழிந்த அன்று கிறிஸ்டி ஷெட்டுக்கே வந்து, "நின்னு போச்சு. தாவ எடம் கெடைக்கல" என்றாள்.

ஐப்பசி மழை ஷெட் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மாடக்கண்ணு யாரையும் கேட்கவில்லை. மூலைக்குப் போய்த் தூசி படிந்து கிடந்த துண்டை எடுத்து, இரண்டு உதறு உதறி, ஆதித்தன் தோளில் போட்டார். "ஏறுங்க அண்ணாச்சி கல்லுமேல. இந்த எலிக்குஞ்சு சத்தத்த இன்னும் எம்புட்டு நாளைக்குத்தான் கேக்கது?"

ஆதித்தன் ஏறினார். ஷெட்டே எழுந்து நின்று கை தட்டியது. அன்று அவர் கூவிய கூவலில் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு, "அண்ணாச்சி வந்துட்டாவலே!" என்று ஓடிவந்தார்களாம்.

தை மாசம், குமருவுக்கு ஒன்பது மாசம் முடிந்த மறு புதன்கிழமை. சுகாதார நிலையத்தில் நிற்க இடமில்லை. பிள்ளைக்கு ஊசி என்றதும் பாதி மார்க்கெட் சரக்கைப் போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிட்டது. ஆதித்தன் பிள்ளையை மடியில் வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். கிறிஸ்டி ஊசியைப் போட்டாள். குமரு ஒரு நொடி திகைத்தான். பிறகு வாயைத் திறந்து விட்டானே ஒரு சத்தம்! ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வெளியே வேப்பமரத்தில் இருந்த காக்கைகள் பறந்துபோயின.

"அப்பன் தொண்டை!" என்று மாடக்கண்ணு வாசலில் நின்று கூவினார். "ஒரு தரம்! ரெண்டு தரம்!"

"இருங்க அண்ணாச்சி" என்றாள் கிறிஸ்டி சிரித்துக்கொண்டே. "ஒண்ணரை வயசுல இன்னொண்ணு இருக்கு. அதையும் போட்டுட்டுத்தான் மூணாந்தரம்."

கிறிஸ்டி அட்டையில் அந்தக் கட்டத்தை நிரப்பித் தேதி போட்டு நீட்டினாள். தேதி சரியாக இருக்கிறதா என்று ஆதித்தன் இரண்டு தடவை பார்த்தார். பிறகு அழுகிற பிள்ளையைத் தோளில் சாய்த்து, அந்தத் துண்டாலேயே அவன் கண்ணைத் துடைத்துவிட்டார்.